விமானச் சிற்பி மார்செல் டசால்ட்

போர் விமானம் வாங்கும் விஷயம் பிரஸ்தாபத்துக்கு வரும்போதெல்லாம் பார்லிமெண்டிலும் பொதுக்கூட்டங்களிலும் விலையைப் பற்றியே பெரும் சச்சரவு எழுகிறது. ஒன்று எத்தனை கோடி, முன்பு சொன்ன விலை என்ன, இப்போது ஏறியது ஏன் என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான்; ஜனங்களின் வரிப்பணம் அல்லவா? ஆனால் அந்த விலை எங்கே பிறக்கிறது, எதனால் வளர்கிறது, யார் தலையில் வந்து விடிகிறது என்பதை அறியாமல் கேட்கும் கேள்விக்குப் பயன் குறைவு. இதை விளக்குவதற்குப் புள்ளிவிவரப் பட்டியலைவிட ஒரு மனிதரின் வாழ்க்கை அதிகமாக உதவும் என்பது நமது அபிப்பிராயம். 1953 முதல் இந்திய ஆகாயப் படைக்கு விமானம் விற்று வந்த பிரெஞ்சுக் கம்பெனியை ஸ்தாபித்த மார்செல் டசால்டின் வாழ்க்கையே அது.

அவருடைய பிறவிப் பெயர் மார்செல் புளோக். 1892 ஜனவரி 22-இல் பாரிஸ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் வைத்தியர், நான்கு புதல்வர்களில் இவரே கடைக்குட்டி. 1909-இல் லாம்பெர்ட் பிரபு என்பவர் ரைட் சகோதரர்களின் விமானமொன்றில் ஏறி எய்பல் கோபுரத்தைச் சுற்றி வந்ததைப் பள்ளி மாணவராயிருந்த மார்செல் கண்டார். அன்று முதல் அவருடைய சித்தம் வேறெதிலும் செல்லவில்லை. மின்சாரப் பொறியியல் பயின்றபின், புதிதாக ஏற்பட்டிருந்த ஆகாய விமானப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்து 1913-இல் தேறினார்.

மறு ஆண்டில் முதல் உலக மகாயுத்தம் மூண்டது. அப்போது விமானம் என்பது மரச்சட்டமும் துணியும்தான். அதை இழுக்கும் சுழல் விசிறியின் வடிவம் சிறிது பிசகினாலும் எஞ்சினின் சக்தி வீணாகும். மார்செல் அதிகத் திறமையுள்ள ஒரு விசிறியை 1916-இல் வடிவமைத்து, பாரிஸில் மரச்சாமான் செய்யும் தொழிலாளர்களைக் கொண்டே அதைச் செய்வித்தார். பிரெஞ்சு வீரர் கினெமேர் ஓட்டிய ஸ்பாட் விமானத்தில் அந்த விசிறியே சுழன்றது. பிறகு நண்பர் ஹென்றி பொத்தேசுடன் சேர்ந்து இரண்டு பேர் ஏறும் போர் விமானமொன்றையும் உண்டாக்கினார். 1918-இல் சர்க்கார் ஆயிரம் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. நூறு சொச்சம் முடிவதற்குள் யுத்தம் நின்றது; ஆர்டரும் நின்றது.

இருபத்தாறு வயதில் அவர் கற்ற முதற்பாடம் இது. விமானத் தொழிலில் வாங்குகிறவன் ஒருவனே, அவன் ராஜாங்கம். அவன் கையெழுத்திட்டால் தொழிற்சாலை எழும். கையை மடக்கினால் மூடிவிட வேண்டியதுதான். பத்தாண்டுக் காலம் அவர் விமானத்தைத் தொடாமல் மரச்சாமான் வியாபாரமும் வீடு கட்டி விற்கும் தொழிலும் செய்து பிழைத்தார். பிரெஞ்சு சர்க்கார் விமானத்துக்கென்று தனி மந்திரி இலாகா ஏற்படுத்திய பிறகே பழைய தொழிலுக்குத் திரும்பினார். 1930-களில் அவருடைய பெயர் தாங்கிய குண்டு வீச்சு விமானங்களும் சண்டை விமானங்களும் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தன. 1936-இல் இடதுசாரிகளின் கூட்டு மந்திரிசபை யுத்தத் தளவாடத் தொழிலைத் தேசிய உடைமையாக்கியது. புளோக்கின் தொழிற்சாலைகள் சர்க்காரிடம் போயின. ஆனால் அவற்றை நடத்தும் பொறுப்பு அவரிடமே விடப்பட்டது.

1940-இல் பிரான்ஸ் வீழ்ந்தது. விஷி சர்க்கார் அவரைக் காவலில் வைத்தது. ஜெர்மானியருக்காக விமானம் செய்ய அவர் உடன்படவில்லை. 1944-இல் நாஜிகள் அவரைப் பூகன்வால்ட் சித்திரவதை முகாமுக்கு அனுப்பினர். ஐம்பத்திரண்டு வயதான அந்த மனிதர் அங்கே உயிர் தப்பியது, முகாமுக்குள் இரகசியமாக இயங்கிய கம்யூனிஸ்டு கைதிகளின் தலைவர் மார்செல் பால் அளித்த பாதுகாப்பினால்தான். கோடீசுவரரான பிறகும், வலதுசாரிக் கட்சியின் பார்லிமெண்டு அங்கத்தினரான பிறகும், டசால்ட் அந்தக் கடனை மறக்கவில்லை. கம்யூனிஸ்டுகளின் பத்திரிகைக்குக்கூடப் பொருளுதவி செய்தார். 1945 ஏப்ரல் 11-இல் முகாம் விடுவிக்கப்பட்டது. தொண்டை அடைப்பான் நோயினால் அவயவங்கள் தளர்ந்த நிலையில் அவர் ஊர் திரும்பினார்.

திரும்பியபின் குடும்பப் பெயரையும் மாற்றிக்கொண்டார். அவருடைய சகோதரர்களில் ஒருவர் படைத் தளபதி. எதிர்ப்பு இயக்கத்தில் பணியாற்றியபோது, போர் டாங்கியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லையொட்டி ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து பிறந்ததே டசால்ட் என்ற பெயர்.

மற்றவர்கள் ஓய்வெடுக்கும் வயதில் அவருடைய மெய்யான வாழ்க்கை ஆரம்பமாயிற்று. யுத்தத்தில் நொறுங்கிய பிரான்ஸிடம் அப்போது ஜெட் விமானமும் இல்லை, நம்பத்தகுந்த ஜெட் எஞ்சினும் இல்லை. டசால்ட் ஒரு காரியம் செய்தார். பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியின் நீன் எஞ்சினை லைசென்ஸ் பெற்று பிரான்ஸில் செய்து வந்தார்கள். அதைச் சுற்றி எளிய உடலொன்றை வரைந்தார். ஊரகான் என்னும் அந்த விமானம் 1949 பிப்ரவரி 28-இல் பறந்தது. புயல் என்பது அப்பெயரின் பொருள். இந்தியா 1953-இல் 71 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்து, தூஃபானி என்று நம் பெயரிட்டுச் சேர்த்துக்கொண்டது. பின்னும் 33 வாங்கியது. யுத்தத்துக்குப் பிந்திய பிரெஞ்சு விமானத் தொழிலுக்குக் கிடைத்த பெரிய அயல்நாட்டு ஆர்டர்களில் அது ஒன்று. விடுதலையடைந்து ஆறே ஆண்டுகளான தேசம், பிரிட்டிஷ் கடையை மட்டுமே நம்பியிராமல் இன்னொரு கடையின் கதவைத் தட்டியது என்பதையும் நேயர்கள் கவனிக்க வேண்டும்.

இதற்குப் பின் டசால்ட் கையாண்ட முறை ஆராயத்தக்கது. அவர் ஒரே பாய்ச்சலில் அற்புதம் செய்ய முயலவில்லை. ஊரகானின் உடலுக்குப் பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையைப் பொருத்தினார். அது மிஸ்தேர் ஆயிற்று. எஞ்சினை மாற்றினார், இறக்கையை மெலிவாக்கினார். அது மிஸ்தேர் நான்கு ஆயிற்று. நமது ஆகாயப் படை அதையும் நூற்றுக்கு மேல் வாங்கி 1965-ஆம் வருஷத்துப் போரில் பயன்படுத்திற்று. பின்னர் முக்கோண இறக்கையுடன் மிராஜ் பிறந்தது. 1956-இல் முதன்முறை பறந்த அவ்வகை, 1958 அக்டோபரில் ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தைக் கடந்தது. ஒவ்வொரு தடவையும் பழையதில் ஒன்றிரண்டு அம்சங்களை மட்டுமே மாற்றுவார். மாதிரி விமானத்தைச் சீக்கிரமே செய்து பறக்கவிட்டுப் பிழையைக் கண்டுபிடிப்பார். வரைவோர் கூட்டம் சிறியது. உதிரிப் பாகங்களில் பெரும்பகுதி வெளித் தொழிற்சாலைகளில் தயாராகும். செலவு கட்டுக்குள் நின்றதன் இரகசியம் இதில் பாதி.

மறு பாதி எஞ்சினில் இருக்கிறது. யுத்தம் முடிந்தவுடன் பிரெஞ்சு சர்க்கார் ஜெர்மன் எஞ்சின் நிபுணர் ஹெர்மன் எஸ்ட்ரிஷையும் அவருடைய சகாக்களையும் வேலைக்கு அமர்த்தி, அட்டார் என்னும் ஜெட் எஞ்சினை உண்டாக்கச் செய்தது. 1948-இல் அது முதலில் ஓடியபோது அதன் உந்துவிசை 1,700 கிலோ மாத்திரமே. ஆங்கிலேய எஞ்சினுக்கு ஈடாகாது என்பது தெரிந்த விஷயம். இருந்தும் சர்க்கார் அதைக் கைவிடவில்லை. ஆண்டுதோறும் பணம் போட்டுத் திருத்திக்கொண்டே வந்தார்கள். பின் எரிப்பான் சேர்ந்தபின் மிராஜில் அதன் விசை 6,000 கிலோவாயிற்று; மிராஜ் எப்-1 விமானத்தில் 7,200 கிலோவை எட்டியது. இருபது வருஷப் பொறுமையின் பலன் இது. ஆஸ்திரேலியா மிராஜ் வாங்க வந்தபோது, ரோல்ஸ் ராய்ஸின் ஏவன் எஞ்சினைப் பொருத்திய மாதிரியொன்றையும் டசால்ட் 1961-இல் பறக்கவிட்டுக் காட்டினார். சோதனைக்குப் பின் ஆஸ்திரேலியர் அட்டாரையே தேர்ந்தெடுத்தனர்.

அயல்நாட்டு வியாபாரம் பெருகியதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஒரு விமானத்தை வரைந்து, சோதித்து, கருவிகள் அமைக்கும் செலவு, நூறு செய்தாலும் ஆயிரம் செய்தாலும் ஏறக்குறைய ஒன்றே. உதாரணத்துக்கு அது ஆயிரம் கோடி என்று வைத்துக்கொள்வோம். நூறு விமானங்கள் செய்தால் ஒவ்வொன்றின் தலையிலும் பத்துக் கோடி ஏறும். ஐந்நூறு செய்தால் இரண்டு கோடிதான். பிரெஞ்சுப் படை மட்டும் வாங்கும் எண்ணிக்கையால் பிரான்ஸின் செலவு தாங்காது. ஆகவே ஏற்றுமதி என்பது டசால்டுக்கு உபரி லாபமல்ல, ஜீவாதாரம். மிராஜ் மூன்று, ஐந்து வகைகள் மட்டும் 1,400 வரை செய்யப்பட்டன. பெரும்பகுதி பிரான்ஸுக்கு வெளியே போயிற்று.

ஆனால் வாங்கியவர் எல்லோரும் லாபமடைந்தார்கள் என்று சொல்ல முடியாது. சுவிட்சர்லாந்தின் கதையைப் பாருங்கள். 1961-இல் அந்நாட்டுப் பார்லிமெண்டு நூறு மிராஜ்களுக்கு 871 மில்லியன் பிராங்கு அனுமதித்தது. பிறகு சுவிஸ் அதிகாரிகள் பிரெஞ்சு ராடார் வேண்டாம், அமெரிக்க ராடார் வேண்டும் என்றார்கள். எலெக்ட்ரானிக் சாதனங்களை மாற்றினார்கள். தங்கள் மலைக்குகைகளுக்கு ஏற்ப உடலையும் திருத்தச் சொன்னார்கள். 1964-இல் இன்னும் 576 மில்லியன் தேவை என்று வந்து நின்றார்கள். நாடே கொதித்தது. விசாரணைக் கமிட்டி உட்கார்ந்தது. நூறு என்பது 57 ஆகக் குறைந்தது. பாதுகாப்பு மந்திரியின் அரசியல் வாழ்வும் அதனால் முடிந்தது. தயாரிப்பாளன் வைத்திருக்கும் சரக்கு ஒரு விலை, நம் ஆசைக்கேற்ப மாற்றிய சரக்கு வேறு விலை என்ற உண்மைக்கு இதைவிடச் சிறந்த சாட்சி வேண்டியதில்லை.

இஸ்ரேலின் கதை வேறு விதம். 1967-ஆம் வருஷத்து ஆறு நாள் யுத்தத்தில் அந்நாட்டு மிராஜ்கள் அடைந்த வெற்றியினால் உலகெங்கும் அவ்விமானத்துக்குக் கிராக்கி ஏற்பட்டது. அதே சமயம் பிரெஞ்சு ஜனாதிபதி டி கால், இஸ்ரேல் விலைக்குப் பேசியிருந்த 50 மிராஜ் ஐந்து விமானங்களை அனுப்பக்கூடாதென்று தடை விதித்தார். இஸ்ரேல் தானே அந்த உருவத்தைச் செய்துகொண்டு, அமெரிக்க ஜே-79 எஞ்சினைப் பொருத்திக் கபீர் என்று பெயரிட்டது. விமானம் மேம்பட்டது, ஆனால் தலைக்கயிறு கை மாறியது. 1977-இல் ஈக்வடாருக்குக் கபீர் விற்க இஸ்ரேல் முயன்றபோது, எஞ்சின் எங்களுடையது என்ற காரணத்தால் அமெரிக்கா குறுக்கே நின்றது. இந்தியாவுக்கும் இது புதிதன்று. ஸ்வீடனின் விக்கன் விமானத்தை நாம் பரிசீலித்தபோது, அதிலிருந்த எஞ்சின் அமெரிக்க மூலத்தைக் கொண்டதென்பதால் 1978-இல் அமெரிக்கா அனுமதி மறுத்தது. எஞ்சினைத் தருகிறவன், விமானம் எங்கே பறக்கலாம், யாருக்கு விற்கலாம் என்பதையும் தீர்மானிக்கிறான்.

டசால்டுக்குத் தோல்விகளும் வந்தன. 1975-இல் பெல்ஜியம், ஹாலந்து, டென்மார்க், நார்வே ஆகிய நான்கு தேசங்கள் சேர்ந்து புதிய சண்டை விமானம் வாங்க முற்பட்டன. டசால்ட் புதிய எம்-53 எஞ்சின் பொருத்திய மிராஜ் எப்-1 விமானத்தைக் காட்டினார். அமெரிக்கரின் எப்-16 வென்று 348 விமானங்களுக்கு ஆர்டர் பெற்றது. எப்-16 விமானத்தை அமெரிக்க ஆகாயப் படை அவ்வாண்டு ஜனவரியிலேயே தனக்கென்று தேர்ந்தெடுத்துவிட்டது. டசால்ட் காட்டிய உருவத்தையோ பிரெஞ்சுப் படையே வாங்கியிருக்கவில்லை. சொந்த வீட்டார் உண்ணாத பண்டத்தை அயலார் உண்பார்களா? பிரயாணிகளுக்காக அவர் செய்த மெர்க்யூர் விமானம் பத்துக்கு மேல் விலைபோகவில்லை. இரட்டை எஞ்சின் கொண்ட சூப்பர் மிராஜ் 4000-ஐக் கம்பெனி தன் கைப்பணத்தைப் போட்டு 1979-இல் பறக்கவிட்டது, ஒருவரும் வாங்கவில்லை.

தோல்வியிலிருந்து எழுந்ததே மிராஜ் 2000. செலவு மிகுந்த இரட்டை எஞ்சின் திட்டமொன்றை பிரெஞ்சு சர்க்கார் 1975 டிசம்பரில் ரத்து செய்து, எளிய ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு உத்தரவிட்டது. 1978 மார்ச்சில் அது பறந்தது. எம்-53 எஞ்சினும் படிப்படியாக உயர்ந்து 9,700 கிலோ விசைக்கு வந்தது. 1982-இல் இந்தியா 40 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்து வஜ்ரா என்று பெயரிட்டது. 1999-இல் கார்கில் சிகரங்களில் அவை செய்த வேலையை நாடறியும். நமது ஆகாயப் படையிலிருந்த 51 மிராஜ் 2000 விமானங்களைப் புதுப்பிக்க 2011-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு ஏறத்தாழ 240 கோடி டாலர் ஆயிற்று. வாங்கிய நாளோடு செலவு முடிவதில்லை என்பதை இதனால் அறியலாம்.

டசால்டின் வாழ்க்கையில் களங்கமே இல்லை என்று நாம் எழுதப் போவதில்லை. 1951 முதல் பார்லிமெண்டில் அங்கம் வகித்த அவர், அதே பார்லிமெண்டு அனுமதித்த பணத்தில் வளர்ந்த கம்பெனிக்கு உடையவர். 1976-இல் அவருடைய கணக்கரொருவர் பெருந்தொகையுடன் மறைந்த விவகாரத்தையடுத்து, விமானக் கம்பெனிகள் பொதுப்பணத்தைச் செலவிட்ட விதம் பற்றி பார்லிமெண்டு விசாரணையே நடந்தது. 1981-இல் சோஷலிஸ்டு சர்க்கார் கம்பெனியின் 46 சதவீதப் பங்குகளையும் வோட்டுப் பெரும்பான்மையையும் தன் வசமாக்கியது. இதைவிடக் கனமான குற்றச்சாட்டும் உண்டு. நிறவெறிக் கொடுமைக்குப் பலியாகி முகாமில் வாடிய மனிதரின் விமானங்கள், நிறவெறியே சட்டமாயிருந்த தென்னாப்பிரிக்காவுக்கும் போயின. நமக்கு விற்றவரே பாகிஸ்தானுக்கும் மிராஜ் விற்றார். விற்பனைக்கு அனுமதியளித்தது பிரெஞ்சு ராஜாங்கம் என்பது மெய். ஆயினும் தொழிற்சாலையை ஓடவைக்க ஏற்றுமதி வேண்டும் என்ற கட்டாயம், விற்கத்தகாத இடத்திலும் விற்கச் செய்கிறது என்ற உண்மையை நாம் மறைக்கலாகாது. ஆயுத ஏற்றுமதியைப் பெருமையாக மட்டும் பேசுவோர் இந்தப் பக்கத்தையும் வாசிக்க வேண்டும்.

1985-இல் பிரான்ஸ் மற்ற ஐரோப்பிய தேசங்களின் கூட்டு விமானத் திட்டத்திலிருந்து விலகித் தனி வழி சென்றது. தன் கப்பற்படைக்கும் ஏற்ற விமானம் வேண்டும், அதில் தன் எஞ்சினே இருக்க வேண்டும் என்பவை அதன் காரணங்களில் முக்கியமானவை. டசால்ட் 1986 ஏப்ரல் 17-இல் தமது தொண்ணூற்று நான்காம் வயதில் காலமானார். சாகும்வரை பிரெஞ்சுப் பார்லிமெண்டின் வயதில் மூத்த அங்கத்தினர் அவரே. ரபேலின் முதல் மாதிரி பறந்தது அவ்வாண்டு ஜூலை 4-இல். அவர் அதைப் பார்க்கவில்லை. அந்த மாதிரி விமானம் பறந்தது இரவல் வாங்கிய அமெரிக்க எஞ்சின்களைக் கொண்டு. ஆனால் பிரெஞ்சுக்காரர் அந்த இரவலோடு நின்றுவிடவில்லை. 1990-இல் தங்கள் எம்-88 எஞ்சினை அதே உடலில் ஏற்றிப் பறக்கவிட்டனர். அவ்விமானத்தை முதல் அயல்நாடு வாங்கியது 2015-இல்தான். ஏறக்குறைய முப்பது வருஷம் பிரெஞ்சு ஜனங்களே அந்தப் பாரத்தைச் சுமந்தார்கள். 2016-இல் இந்தியா 36 ரபேல்களுக்கு ஏறத்தாழ 780 கோடி யூரோவுக்கு ஒப்பந்தம் செய்தது. விமானத்தின் விலையோடு ஆயுதங்கள், உதிரிப் பாகங்கள், நமக்கென்று செய்த மாற்றங்கள் யாவும் அதில் அடங்கும்.

நம் கதையையும் இதனோடு ஒத்துப் பார்ப்பது அவசியம். மிராஜ் உலகச் சந்தையில் இறங்கிய அதே காலத்தில், 1961 ஜூன் 17-இல், பெங்களூரில் நமது மாருத் விமானம் பறந்தது. ஜெர்மன் நிபுணர் குர்ட் டாங்க் வரைந்த உடல் அழகியது, உறுதியானது. அதற்குத் தகுந்த எஞ்சின்தான் வாய்க்கவில்லை. பிரிட்டனில் ஆர்பியஸ் எஞ்சினை அதற்காகவே மேம்படுத்தப் பணம் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. சக்தி குறைந்த எஞ்சினோடு 147 விமானங்கள் செய்ததோடு அது முடிந்தது. பிறகு நாமே தொடங்கிய காவேரி எஞ்சின் எதிர்பார்த்த விசையைத் தராமல் 2008-இல் தேஜஸ் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. தேஜஸ் அமெரிக்க எஞ்சினோடு பறந்தது. பிரெஞ்சுக்காரர் 1,700 கிலோவில் ஆரம்பித்த எஞ்சினை இருபது வருஷம் சகித்துக்கொண்டு வளர்த்தார்கள். நாம் சிறு தொகையை மிச்சம் பிடித்துப் பெருந்தொகையை அயலாருக்குக் கட்டினோம். நம் நிபுணர்களின் புத்தி குறைவென்று இதற்கு யாரும் காரணம் சொல்ல வேண்டாம். குறைந்தது ராஜாங்கத்தின் பொறுமை.

ஆகையால் அடுத்த முறை விமான விலை விவாதத்துக்கு வரும்போது, தேசபக்தர்கள் தொகையைக் கேட்பதோடு நிறுத்தலாகாது. அந்தத் தொகையில் எதெது அடங்கியிருக்கிறது, நாம் கேட்ட மாற்றங்களுக்கு எவ்வளவு, இருபதாண்டுப் பராமரிப்புக்கு எவ்வளவு என்று கேளுங்கள். நாமே செய்யும் விமானத்தை நம் படை முதலில் மனமுவந்து ஏற்கிறதா என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் எஞ்சின் யாருடையது, அதை நம் கையால் திருத்தவும் பெருக்கவும் நமக்கு உரிமை உண்டா, அதற்கென்று ஆண்டுதோறும் ஒதுக்கிய பணம் எவ்வளவு என்று கேளுங்கள். டசால்ட் எஞ்சின் செய்தவரல்ல. அவருக்குப் பின்னால் எஞ்சினைக் கைவிடாத ஒரு ராஜாங்கம் இருந்தது. அந்த உறுதி நம் ராஜாங்கத்துக்கும் வர வேண்டுமானால் அதைக் கேட்டு வாங்கும் பொறுப்பு ஜனங்களுடையது.